கோழியைத் தூக்கினது நரிதானா? காரைக்கால் கொல்லைகளுக்கு ஒரு காவல் கையேடு! | கொல்லைப்புறம்

காலை ஐந்தரை மணி. தவிடும் நொய்யும் பிசைந்த சட்டியோடு கொல்லைக் கதவைத் திறக்கிறார் அந்த வீட்டு அம்மா. வழக்கமாக ஓடிவந்து காலைச் சுற்றும் கோழிகளைக் காணோம். பூவரசு வேலியோரம் கொத்தாகக் கிடக்கும் இறகுகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. எண்ணிப் பார்த்தால் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் குறைகின்றன. "ராத்திரி நரி வந்துடுச்சு" என்று ஒரு பெருமூச்சு. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு என்று காரைக்கால் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஆறு அல்லது வாய்க்கால், நடுவே சீமைக்கருவேலம் புதர். அந்தப் புதருக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நம் கோழிக்கூண்டு நிற்கிறது. கோழியும் நரியும் இப்படி அக்கம்பக்கத்தில் வாழும்போது, இழப்பைத் தடுப்பது ஒரு தாழ்ப்பாளின் கையில்தான் இருக்கிறது. எந்தத் தாழ்ப்பாள், எந்த வலை, எந்த நேரம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

போனது ஒரு கோழி மட்டுமா?

நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள் இடும். அடை உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் விற்கும் பருவத்துக்கு வர ஐந்தாறு மாதமாவது ஆகும். அதனால் ஒரு தாய்க்கோழி போனால் அன்றைய விலை மட்டும் போவதில்லை. அடுத்த ஆறு மாத வருமானமும் சேர்ந்தே போகிறது. பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டுப் புத்தகம், திடீரென்று ஒரு மருந்துச் செலவு, விருந்தாளி வந்தால் ஒரு குழம்பு... இதற்கெல்லாம் யாரிடமும் கை நீட்டாமல் பெண்கள் கையிலேயே இருக்கும் காசு இந்தக் கோழிக்காசு.

2019-ம் ஆண்டு எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் கொல்லைப்புறத்தில் வளர்க்கப்படும் கோழி உள்ளிட்ட பறவைகள் சுமார் 31.7 கோடி. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறக்குறைய 46 சதவிகிதம் அதிகம். பண்ணைக்கோழி ஒரு பக்கம் பெருகினாலும், வீட்டுக்கோழியை மக்கள் கைவிடவில்லை என்பதுதான் இதன் பொருள். ஆனால், கூண்டு மட்டும் பல வீடுகளில் இன்னும் தாத்தா காலத்துக் கூண்டுதான்.

நம்ம ஊர் நரி எது?

யூடியூபில் 'கோழியை நரியிடமிருந்து காப்பது எப்படி' என்று தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்கள். அவற்றில் வருவது செந்நரி. இந்தியாவில் அது இமயமலைப் பகுதியிலும் வடமேற்கு வறண்ட நிலங்களிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கிடையாது.

நம் டெல்டா கடற்கரையில் ஊளையிடுவது பொன்னிற நரி. நாயைப் போன்ற உடல், மங்கிய பழுப்பு ரோமம், நுனியில் கறுத்த வால். எடை பெரும்பாலும் 8 முதல் 11 கிலோ. கோடியக்கரை சரணாலயத்துக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். குள்ளநரி என்று சொல்லப்படும் இந்திய நரி இதைவிட மிகச் சிறியது. இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். வறண்ட, திறந்த வெளிகளை விரும்புவது.

பொன்னிற நரி கோழிக்காகவே பிறந்ததல்ல. எலி, நண்டு, பூச்சி, பழம், செத்த பிராணி என்று கிடைப்பதைத் தின்னும். அதன் சாப்பாட்டில் எலிக்குப் பெரிய இடம் உண்டு. வயலில் எலி பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து, ஆள் வைத்துக் கூலி கொடுக்கும் டெல்டா விவசாயிக்கு இது கூலி வாங்காத வேலைக்காரன். 'நரி முகத்தில் முழித்தால் நல்லது' என்று நம் பெரியவர்கள் சொன்னதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதே நரி, கதவு திறந்து கிடக்கும் கூண்டைக் கண்டால் விடாது என்பதும் உண்மை. எலியைத் துரத்திப் பிடிப்பதைவிட அது சுலபமாயிற்றே!

முதலில் திருடனைக் கண்டுபிடியுங்கள்

கோழி காணாமல் போனால் பழி உடனே நரி மேல் விழுகிறது. ஆனால், கொல்லைக்கு வரும் திருடர்கள் பலர். ஆளைத் தெரிந்துகொண்டால்தான் பூட்டைத் தீர்மானிக்க முடியும்.

• முழுக் கோழியே காணோம், வேலியோரம் கொத்தாக இறகு: நரியாக இருக்க வாய்ப்பு அதிகம். கவ்விக்கொண்டு புதருக்குள் போய்த் தின்பது அதன் வழக்கம். பெரும்பாலும் அந்தி மயங்கும்போதோ, இரவிலோ, விடியும் முன்போ நடக்கும்.

• பல கோழிகள் செத்துக் கிடக்கின்றன, தின்ன அடையாளம் இல்லை: முதலில் தெருநாயைச் சந்தேகியுங்கள். நாய்களுக்குப் பல நேரம் இது பசியல்ல, விளையாட்டு. பழகிய வீட்டு நாயும் இதில் சேர்ந்துகொள்வதுண்டு. கூண்டுக்குள் புகுந்துவிட்ட நரியும் கோழிகள் படபடப்பதைக் கண்டு ஒன்றுக்கு மேல் கடித்துப் போடலாம்.

• பட்டப்பகலில் நடந்தது, கழுத்தில் கடி: கீரி. அது பகலில் இரை தேடும் பிராணி.

• இரவில் கூரை வழியாக வந்திருக்கிறது, கீற்று விலகியிருக்கிறது: மரநாய் அல்லது காட்டுப்பூனை.

• முட்டையும் சின்னக் குஞ்சும் தடயமே இல்லாமல் மாயம்: பாம்பு. பக்கத்தில் வளை இருந்தால் பெருச்சாளி.

• முற்றத்தில் மேய்ந்த குஞ்சு கண்ணெதிரே போனது: பருந்து, வல்லூறு, காகம்.

• கோழி செத்துக் கிடக்கிறது, காயமே இல்லை: இது திருட்டல்ல, நோய். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டே காலியாகும். நோயில் விழுந்த கோழியை ராத்திரி நரி இழுத்துக்கொண்டு போயிருந்தால், நாம் நரியைத் திட்டிக்கொண்டே நோயைக் கோட்டை விட்டுவிடுவோம். பல கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ராத்திரி கூண்டைச் சுற்றிச் சலித்த மணலையோ சாம்பலையோ மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் பேசும். நாய், நரி தடத்தில் நகக்குறி தெரியும். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பொதுவாகத் தெரியாது. தடத்தைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால், ஜன்னலோரம் கண்காணிப்பு கேமராவாகவும் வைத்துப் பார்க்கலாம்.

அந்தி ஆறு மணி: தவறவிடக் கூடாத நேரம்

எவ்வளவு செலவு செய்து கூண்டு கட்டினாலும், ஒருநாள் சாயங்காலம் கதவைச் சாத்த மறந்தால் அவ்வளவும் வீண். கல்யாணத்துக்குப் போன நாள், திருவிழா நாள், சீரியல் முடியட்டும் என்று காத்திருந்த நாள்... கோழி போவது பெரும்பாலும் அப்படி ஒரு நாளில்தான்.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால் பொழுது சாயும்போது தானாகவே அடைய வரும். அந்தப் பழக்கத்தைக் கெட்டியாக்குவது நம் வேலை. கடைசித் தீனியை வெளியே போடாமல், மாலை ஐந்தரை மணி வாக்கில் கூண்டுக்குள்ளேயே போடுங்கள். "பா... பா..." என்று தினமும் ஒரே குரலில் கூப்பிடுங்கள். சில நாள்களில் கோழிகளுக்கு நேரம் பழகிவிடும். முருங்கை மரத்திலும் வைக்கோல் போரிலும் அடையும் கோழிகளை இரண்டு வாரம் விடாமல் பிடித்து உள்ளே விட்டால், பெரும்பாலானவை வழிக்கு வரும்.

சாத்தும் முன் எண்ணுங்கள். இந்த வேலையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் உற்சாகமாகச் செய்வார்கள். போனில் ஆறு மணிக்கு ஓர் அலாரம் வையுங்கள். எல்லோரும் வெளியூர் போகிற நாள் என்றால், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திறந்துவிடுங்கள். விடியும் முன்பே திறப்பது, நரி வீடு திரும்பும் வழியில் பந்தி வைப்பது மாதிரி!

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கால்: தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுங்கள். காரைக்காலுக்கு இது இரட்டை லாபம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லையில் தண்ணீர் நின்றாலும் கோழி நனையாது. கடலோர ஊர்களில் மணல் தரை என்பதால் நரியும் நாயும் சுலபமாகத் தோண்டும். கூண்டு உயர்ந்திருந்தால் தோண்டிப் பயனில்லை. கால்களில் வழவழப்பான தகரத்தைச் சுற்றி அடித்தால் எலி ஏறுவதும் குறையும்.

வலை: கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பி வலையைத் தருவார்கள். கோழியை உள்ளே நிறுத்த அது போதும். நரியையும் நாயையும் வெளியே நிறுத்தப் போதாது. பல்லால் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். அதற்குப் பதில் பற்றவைத்த கம்பி வலையான 'வெல்டு மெஷ்' வாங்குங்கள். அரை அங்குலக் கண் என்றால் கீரி, பெருச்சாளி, பெரிய பாம்புக்கும் வழி அடைபடும். வலையை ஆணியில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது. மேலே மரச்சட்டம் வைத்துத் திருகாணி போட்டு இறுக்குங்கள்.

கதவு: கயிறு, கம்பித் துண்டு, செங்கல் முட்டு எல்லாம் பெயருக்குத்தான். மூக்கால் நெம்பினாலே விலகிவிடும். தாழ்ப்பாள் போட்டு, அதில் ஒரு கொக்கியோ பூட்டோ மாட்டுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் பலகை அடித்து மூடுங்கள்.

கூரை: கீற்று மட்டும் போட்டால் மரநாய் பிரித்து இறங்கும். அடியில் வலை அடித்து, அதன்மேல் கீற்றோ தகரமோ போடுங்கள். புயல் காற்றுக்குக் கூரையைக் கம்பியால் இறுக்கிக் கட்டவும் மறக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்டதை இந்தக் கடற்கரை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

இடம்: ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி. பத்துக் கோழிக்கு ஐந்தடிக்கு நான்கடி கூண்டு தாராளம். உள்ளே குறுக்குக் கம்பு கட்டினால் கோழிகள் அதில் ஏறி அடையும். வலையோரம் ஒட்டிப் படுக்காது. வெளியிலிருந்து காலைக் கடித்து இழுக்கும் ஆபத்தும் குறையும்.

புதுக் கூண்டுக்குக் கையில் காசில்லை என்றால், இருப்பதைப் பலப்படுத்துங்கள். முதலில் தாழ்ப்பாள், அடுத்து அடிப்பக்கத்து இரண்டடிக்கு வெல்டு மெஷ், பிறகு கூரை. இந்த வரிசையில் மாதம் ஒன்றாகச் செய்தாலும் போதும்.

வேலியும் மீன்வலையும்

பகலில் கோழி மேயும் இடத்தைச் சுற்றி வேலி போடுவதென்றால் ஐந்து, ஆறு அடி உயரம் வேண்டும். அடிப்பாகம்தான் முக்கியம். வலையை நேராகத் தரையோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு மடித்துத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணோ கல்லோ போட்டுவிடுங்கள். வேலியோரம் வந்து தோண்டும் பிராணியின் காலுக்கடியிலேயே வலை தட்டுப்படும். தோண்ட முடியாமல் சலித்துப் போய்விடும்.

கடலோரக் கிராமங்களில் பழைய மீன்வலையை வேலியாகக் கட்டுவது வழக்கம். செலவில்லாத நல்ல யோசனைதான். ஆனால், எங்கே கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். தலைக்கு மேலே பந்தலாக இழுத்துக் கட்டினால் பருந்துக்கும் காகத்துக்கும் அருமையான தடுப்பு. தரையோரம் கட்டினால் நரி கடித்து அறுத்துவிடும். பாம்பும் கீரியும் அதில் சிக்கி உயிர்விடும். சிக்கிய பாம்பை விடுவிக்கப்போய் நாம் கடி வாங்குவோம். எனவே, மீன்வலை மேலே, கம்பி வலை கீழே!

வேலியை ஒட்டி மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தையும் கோரையையும் பத்தடி தூரத்துக்காவது வெட்டித் துப்புரவாக்குங்கள். மறைவில்லாத வெட்டவெளியைக் கடந்துவர நரி தயங்கும். மீன் கழிவு, கோழிக்குடல், மிச்சச் சோறு இவற்றைக் கொல்லை மூலையில் கொட்டாதீர்கள். ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். நாற்றம்தான் அழைப்பிதழ். நாயும் நரியும் முதலில் அதற்காகத்தான் வருகின்றன. வந்த இடத்தில் கோழியைப் பார்க்கின்றன.

அடைகோழிக்குத் தனி இடம்

கூட்டத்திலேயே எளிதாக மாட்டுவது அடைகோழி. ஆபத்து வந்தாலும் முட்டையை விட்டு எழுந்திருக்காது. திண்ணையோரம், விறகுக் குவியல், வைக்கோல் போர் என்று தரையில் அடை உட்கார்ந்திருந்தால் அந்த 21 நாளும் ஆபத்துதான். பானையிலோ கூடையிலோ வைக்கோல் பரப்பி, முட்டையோடு வீட்டுக்குள்ளோ பூட்டிய அறையிலோ மாற்றிவிடுங்கள். ராத்திரியில் மாற்றினால் கோழி அவ்வளவாக மிரளாது.

குஞ்சுகளுக்குப் பகலில் பஞ்சாரம் போதும். கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தால் காகம் நெருங்காது. ஆனால், ராத்திரிக்குப் பஞ்சாரத்தை நம்பி வெளியே விடாதீர்கள். மூங்கில் கூடையைப் புரட்டித் தள்ள நரிக்கு ஒரு நொடி போதும்.

சேவல் கொடுக்கும் குரலைக் கேளுங்கள்

வானத்தில் பருந்தைக் கண்டால் ஒருவிதமாகவும், தரையில் நாயையோ கீரியையோ கண்டால் வேறுவிதமாகவும் கோழிகள் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். "கோழி கத்துது, என்னன்னு பாரு" என்று அடுப்படியிலிருந்தே சொல்வார்கள். கினிக்கோழி இரண்டு வளர்த்தால் அந்நிய நடமாட்டத்துக்கு இன்னும் பெரிதாகக் கத்தும். குஞ்சிலிருந்தே கோழிகளோடு பழக்கிய நாட்டுநாய் நல்ல காவல்.

சிமிட்டும் சோலார் விளக்கு, இரவு முழுக்கப் பாடும் ரேடியோ, தகர டப்பா, பட்டாசு எல்லாம் சில நாளைக்குப் பலன் தரலாம். பிறகு நரிக்குப் பழகிவிடும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால், தாழ்ப்பாளுக்குப் பதிலாக இதை நம்பக் கூடாது.

விஷம், வெடி, கரன்ட்... வேண்டவே வேண்டாம்!

நான்கு கோழியைப் பறிகொடுத்த கோபத்தில், செத்த கோழிக்குள் குருணை மருந்தை வைத்துப் போடலாமா என்று சிலருக்குத் தோன்றும். கூடாது. அதை முதலில் தின்பது தெருநாயாகவோ, பக்கத்து வீட்டுப் பூனையாகவோ இருக்கலாம். கொல்லையில் விளையாடும் குழந்தையின் கை அதில் படலாம். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பி வேலியில் கொடுப்பது இன்னும் கொடுமை. இருட்டில் கால் வைக்கும் மனிதரையே அது கொல்லும்.

சட்டமும் கடுமையானது. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டபோது, பொன்னிற நரி உச்சபட்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதமும் உண்டு. இந்தத் திருத்தத்துக்கு முன்பே, 2021 பிப்ரவரியில், திருச்சி மாவட்டம் ஜீயபுரம் அருகே இறைச்சிக்குள் நாட்டு வெடியை வைத்து நரியைக் கொன்ற சம்பவத்தில் 12 பேர் கைதானார்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்துவந்து ஊருக்குக் காட்டும் வழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் விதித்துவருகிறது. கொல்லாமல் பிடித்தாலே குற்றம்தான்.

சரி, கொன்றுவிட்டால் பிரச்னை தீருமா? தீராது. ஒரு நரி போன இடத்துக்கு இன்னொரு நரி வரும். கூண்டுக் கதவு அப்படியே திறந்துதான் இருக்கும். நடுவில் எலி வேறு பெருகும்.

கூண்டுக்குள்ளோ கிணற்றிலோ நரி மாட்டிக்கொண்டால் அடிக்கப் போகாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாயோ நரியோ கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் பகலில் ஊருக்குள் தள்ளாடித் திரியும் நரி என்றால், கிட்டேயே போக வேண்டாம்.

இன்று சாயங்காலமே செய்ய வேண்டியவை

1. கூண்டுக் கதவைக் கையால் அசைத்து, நெம்பிப் பாருங்கள். திறந்தால் நாளையே தாழ்ப்பாள் வாங்குங்கள்.
2. கூண்டைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். இரண்டு விரல் நுழையும் ஓட்டைகளை எல்லாம் அடையுங்கள்.
3. கடைசித் தீனியைக் கூண்டுக்குள் போடுங்கள்.
4. எண்ணிவிட்டுச் சாத்துங்கள்.
5. ஆறு மணி அலாரத்தை இப்போதே வையுங்கள். போன் கையில்தானே இருக்கிறது!

இன்று ராத்திரியும் அரசலாற்றங்கரைப் பக்கமோ, கருவேலங்காட்டுப் பக்கமோ ஊளைச் சத்தம் கேட்கலாம். கேட்டால் தடியைத் தேட வேண்டாம். "கூண்டைச் சாத்தியாச்சா?" என்று வீட்டுக்குள் ஒரு குரல் கொடுங்கள். "ஆச்சு" என்று பதில் வந்தால் நிம்மதியாகப் படுக்கலாம்.

*(அடுத்த வாரம்: மழைக்காலம் வருமுன் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி... எப்போது, எப்படி?)*